திங்கட்கிழமை எடுக்காத படம்

எங்கள் பிரிவின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. ‘இந்த மாதத் தவறுகள்’ என்று மேலே எழுதி, கீழே பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் மாதத்தின் பெயரை மட்டும் அழித்து எழுதுவார்கள். பூஜ்யத்தை யாரும் தொடுவதில்லை. கை பட்டு அழிந்துவிடாமல் இருக்க அதன்மேல் செலோடேப் ஒட்டியிருக்கிறது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். தினமும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கதிர்வீச்சு சிகிச்சை டெக்னீஷியன். சங்கரன்கோவிலுக்கு வெளியே கரிசல் காட்டைப் பார்த்தபடி நிற்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். புற்றுநோய்க்காரரை மேஜையில் படுக்க வைக்க வேண்டும். அவர் உடம்பில் மையால் போட்டிருக்கும் அடையாளங்களைச் சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகளோடு பொருத்த வேண்டும். பிறகு கனமான கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து பொத்தானை அழுத்த வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஆனால் கதிர் கண்ணுக்குத் தெரியாது. படும்போது சூடும் இல்லை, வலியும் இல்லை. இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தாலும் படுத்திருப்பவர் எழுந்து, “முடிஞ்சிட்டாம்மா?” என்று கேட்டுவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். தப்பை நாங்களாகக் கண்டுபிடித்தால்தான் உண்டு.

அதற்காகத்தான் விதிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளியையும் ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் சேர்ந்து சரிபார்த்து, இரண்டு பேரும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைதோறும் நோயாளி படுத்த நிலையிலேயே ஒரு படம் எடுத்து, முதல் நாள் படத்தோடு எலும்புக்கு எலும்பு ஒப்பிட வேண்டும். தப்பு நடந்தாலும் சரி, நடக்கப் பார்த்துத் தப்பித்தாலும் சரி, ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நல்ல விதிகள்தான். எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாங்கள் செய்தது வேறு. காலை டீ வந்ததும் அன்றைய தாள்களையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு, நானும் என்னோடு வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவோம். அந்த நேரத்தில் ஒரு நோயாளிகூட உள்ளே வந்திருக்க மாட்டார். ‘அட்வான்ஸ் கையெழுத்து’ என்று அதற்குப் பெயர் வேறு. யாராவது லீவில் போவதாக இருந்தால், வராத நாட்களுக்கும் சேர்த்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார்கள். அது கூட வேலை பார்ப்பவருக்குச் செய்யும் உபகாரம். போடாமல் போனால்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம்.

கட்டம் காலியாக இருந்தால் தர மேலாளர் கூப்பிட்டு அனுப்புவார். நிரம்பியிருந்தால் ஒரு கேள்வி கிடையாது. தர மேலாளர் என்பவர் கோப்புகளைப் பார்க்கிறவர். இயந்திர அறைக்குள் அவர் வந்து நான் பார்த்தது இரண்டே முறை, இரண்டும் போட்டோ எடுப்பதற்காக. வருடத்துக்கு ஒரு தடவை தர வாரம் கொண்டாடுவார். சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ், கை நீட்டி உறுதிமொழி, கடைசி நாள் கோலப் போட்டி. புள்ளிக்கோலத்துக்கு நடுவில் ‘பாதுகாப்பே உயிர்’ என்று எழுதி நான் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன். டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

அந்த நோட்டில் மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஒரே ஒருத்தி எழுதினாள். தலைக்கு வைக்கும் கட்டையை மாற்றி வைத்துவிட்டாள். பொத்தானை அழுத்தும் முன்பே கண்டுபிடித்துச் சரிசெய்தாள். யாருக்கும் ஒரு பாதிப்பும் இல்லை. அவளாகவே நேர்மையாக எழுதி வைத்தாள். உடனே விளக்கக் கடிதம் கேட்டார்கள். எல்லோரையும் கூட்டி வைத்து, அவளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். மூன்றாம் மாதம் அவள் வேலையை விட்டுப் போனாள். அவள் நின்றுகொண்டிருந்தபோது நாங்கள் எல்லோரும் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம். குருவிகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தாள். கர்ப்பப்பை வாயில் புற்று. காட்டு வேலை பார்த்துக் காய்த்துப்போன கை. அவளுடைய கணவர் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர். காலை பஸ்ஸில் இரண்டு பேரும் வந்து இறங்குவார்கள். அவளை எங்களிடம் விட்டுவிட்டு அவர் தறிக்குப் போவார். அவளுக்கு ஊதா மையில் மூன்று கூட்டல் குறிகள் போட்டிருந்தோம். தொப்புளுக்குக் கீழே ஒன்று, இரண்டு பக்க இடுப்பிலும் ஒவ்வொன்று. தண்ணீர் படக் கூடாது, எண்ணெய் தொடக் கூடாது, அழிந்தால் எங்களிடம் சொல்ல வேண்டும், நீங்களாகக் கை வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லி அனுப்புவோம்.

சொல்லி அனுப்புவோம் என்று நாகரிகமாக எழுதிவிட்டேன். உண்மையில் ஏசி அனுப்புவோம். ஒரு தடவை அவளுக்கு இடுப்பு அடையாளம் பாதி மங்கியிருந்தது. வெளியே காத்திருப்பவர்கள் காதில் விழும்படி நான் கத்தினேன்.

“யக்கா, ஒங்களுக்கு எத்தன மட்டம் சொல்லுதது? ஒங்க ஒருத்தருக்காக நான் மறுபடியும் அளந்துக்கிட்டுக் கெடக்கணுமா? வெளிய எத்தன பேரு உக்காந்திருக்காவன்னு பாருங்க!”

அவள் மேஜையிலிருந்து இறங்கும்போது என் கையைத் தொட்டு, “கோவிச்சுக்கிடாதம்மா” என்றாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. சனி, ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் இயந்திரம் ஓடவில்லை. திங்கட்கிழமை வந்தால் உள்ளே கால் வைக்க இடமில்லை. வாசுதேவநல்லூர் பஸ்ஸில் வந்தவர்கள், இளையரசனேந்தலிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவர்கள், விடுமுறையால் தள்ளிப்போன புது நோயாளிகள் எல்லோரும் ஒரே நாளில். கடையநல்லூர்க்காரர் ஊருக்குப் போயிருந்தார். துபாயிலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். நான் ஒருத்திதான் இயந்திரத்தில். ஒரு படம் எடுத்து ஒப்பிடப் பத்து நிமிடம் ஆகும். முதல் நான்கு பேருக்கு எடுத்தேன். ஐந்தாவது ஆளிலிருந்து எடுக்கவில்லை. எடுத்ததாக டிக் மட்டும் அடித்தேன். அவள் எத்தனையாவது ஆள் என்று ஞாபகமில்லை. அவளுக்கும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வரை எனக்கு எதுவும் தெரியாது. லேசர் கோடு தெரிய வேண்டும் என்பதற்காக நாங்கள் அறையின் விளக்கைக் குறைத்துத்தான் வைப்போம். அன்று தரையைத் துடைத்த அக்கா பெரிய விளக்கை அணைக்காமல் போய்விட்டாள். குருவிகுளத்து அம்மாள் மேஜையில் படுத்துச் சேலையை இறக்கினாள். குறிகள் ஊதாவாக இல்லை, கறுப்பாக இருந்தன. கோடுகள் நாங்கள் போட்டதைவிடச் சுத்தமாக, நூல் பிசகாமல் இருந்தன.

“யக்கா, இது யாரு போட்டது?”

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“ஒங்களத்தான் கேக்கேன்.”

“அவியதாம்மா போட்டாவ,” என்றாள் கடைசியில். “தபசுக்கு நேந்துக்கிட்டு கோயில நூத்தியோரு சுத்து சுத்துனேன். வீட்டுக்கு வந்து கோயில் புத்துமண்ணக் கொழச்சு வயித்துல பூசிட்டுப் படுத்துட்டேன். காலைல கழுவுனா மூணும் போயிட்டு. ஏசுவியன்னு பயந்து அழுதுட்டேன். நான் போட்டுத் தாரேன், அந்தப் பிள்ளைக்குத் தெரியவா போகுதுன்னு அவியதான் டேப்பு வச்சு அளந்து போட்டாவ.”

அவள் கணவர் தறியில் சேலைக் கட்டுகளின்மேல் எண் எழுதும் மார்க்கர் பேனா. வாழ்நாள் முழுக்க இழை பார்த்த கை. மூன்று குறிகளும் ஒன்றுக்கொன்று அத்தனை மட்டமாக இருந்ததால் லேசர் கோடு மூன்றின்மேலும் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. கோணலாகப் போட்டிருந்தால் திங்கட்கிழமையே நான் விழித்துக்கொண்டிருப்பேன். அவர் எதையும் கோணலாகப் போடத் தெரியாதவர்.

அவளை அப்படியே படுக்கச் சொல்லிவிட்டுப் படம் எடுத்தேன். கதிரின் அளவைக் கணக்குப் போடும் இயற்பியலாளரை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். அவர் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். குறிகள் இரண்டு விரற்கடை மேலே ஏறியிருந்தன. நான்கு நாள் கதிர் புற்றின் கீழ்ப்பக்கத்தை விட்டுவிட்டு, தேவையில்லாமல் குடலில் விழுந்திருந்தது. “நாலு நாளா?” என்று மட்டும் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிகிச்சையைச் சரிசெய்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். இயற்பியலாளர் அன்று சாப்பிடக்கூடப் போகாமல் கணக்குப் போட்டார். டாக்டர் திட்டத்தை மாற்றி, கூடுதலாகச் சில நாட்கள் சேர்த்தார். விட்டுப்போன இடத்துக்குக் கதிர் போய்ச் சேரும், குடலுக்கு ஏதாவது தொந்தரவு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த மட்டில் எனக்கு மூச்சு வந்தது. இனி மிச்சம் ஒன்றுதான். அந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்ல வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை, இயந்திரம் ஓடாவிட்டாலும் காலையில் டாக்டர் அறையில் கூட்டம். தர மேலாளர் திங்கட்கிழமைத் தாளை விரித்தார். படம் எடுத்த கட்டத்தில் என்னுடைய டிக். கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று என்னுடையது. இன்னொன்று அன்று கடையநல்லூரில் அண்ணனோடு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவருடையது. வருகைப் பதிவேடு பக்கத்திலேயே இருந்தது. மேலாளர் அதையும் பார்த்தார், தாளையும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார்.

“நம்ம சைடுல எல்லாம் பக்காவா இருக்கு,” என்றார். “பேஷண்ட் தானா மார்க்க மாத்துனா அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? நோயாளியின் ஒத்துழையாமைன்னு ஒரு தலைப்பு இருக்கு. அதுல போட்டுரலாம். தவறு கணக்குல வராது.”

“படம் எடுக்கல சார்,” என்றேன்.

“மேடம், அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன். தாள்ல எடுத்ததா இருக்கு. தாள்ல இருக்கறதத்தான் நான் பேச முடியும்.”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ட்ரீட்மென்ட் சரி பண்ணியாச்சு. அத ஏன் இன்னும் கிளறணும்?” என்று எழுந்துகொண்டார். அவர் கெட்டவர் இல்லை. காசில்லாத நோயாளிக்குத் தானே மாத்திரை வாங்கிக் கொடுப்பவர். அதனாலேயே அன்று அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் வந்தது. கெட்டவர் சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன்.

நான் ஏன் மேற்கொண்டு பேசவில்லை? பயம்தான். வேறு நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. எழுந்து நிற்க வைப்பார்கள் என்ற பயம். கூட வேலை பார்ப்பவரும் மாட்டிக்கொள்வார் என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். ஏச்சுக்குப் பயந்து அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள் என்று தெரிந்த மறுநாளே நானும் அதையேதான் செய்தேன். அவளுக்காவது அழிந்த குறியைத் திரும்பப் போட்டுக் கொடுக்க ஒரு மனுஷன் இருந்தார்.

அன்று மத்தியானமே அந்த மனுஷனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒரு கடிதத்தை நீட்டினார்கள். ‘மருத்துவமனை தெளிவாக அறிவுறுத்தியும், என் மனைவியின் உடலில் இருந்த அடையாளங்களை நானே மாற்றிவிட்டேன். இதனால் ஏற்பட்ட எல்லா விளைவுகளுக்கும் நானே பொறுப்பு.’ மேலாளர் அதை அவருக்கு வாசித்துக் காட்டி, உங்களால்தான் உங்கள் மனைவிக்குச் சிகிச்சை தப்பாகப் போனது என்று பொறுமையாக விளக்கியும் சொன்னாராம். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமைதான் இது எனக்குத் தெரிந்தது.

அன்று அவள் தனியாக உள்ளே வந்தாள். படுத்ததும், நான் குனிந்து அடையாளம் பார்க்கும்போது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்மா, அவிய ரெண்டு நாளா சோறு திங்க மாட்டேங்காவ. தறிக்கும் போகல. ஒன்ன என் கையாலேயே கொல்லப் பாத்துட்டேனேன்னு சொவத்துல முட்டுதாவ. நான் சொன்னாக் கேக்கல. நீங்க படிச்சவிய, ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. இன்னைக்கும் உள்ள வர மாட்டேன்னுட்டு வெளியவே நிக்காவ.”

முதலில் அவளுக்குப் படம் எடுத்தேன். கடையநல்லூர்க்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேரும் பார்த்தோம். சரியாக இருந்தது. கதிர் கொடுத்து முடித்தோம். அதற்குப் பிறகு கோப்பிலிருந்து அந்தப் பழைய திங்கட்கிழமைத் தாளை உருவி எடுத்துக்கொண்டேன். “அக்கா, என்ன பண்ணுதிய?” என்று கடையநல்லூர்க்காரர் கேட்டார். “உங்க கையெழுத்தும் இதுல இருக்கு. நான் காட்டத்தான் போறேன்” என்றேன். அவர் தடுக்கவில்லை.

சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் அந்த மனுஷன் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். திட்டு வாங்கத் தயாராகிறார் என்று புரிந்தது. 

“அண்ணாச்சி, நான் சொல்லுதத முழுசாக் கேளுங்க,” என்றேன். “நீங்க போட்ட கோடு தப்பு. ஆனா அப்படி எங்கயாவது தப்பிருந்தா பிடிக்கணும்னுதான் திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை நாங்க படம் எடுக்கணும். அன்னைக்கு நான் எடுக்கல. எடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், ஒரு நாள்கூட தப்பாப் போயிருக்காது. எடுக்காமலே எடுத்ததா டிக் அடிச்சேன். இங்கன பாருங்க, இது என் கையெழுத்து. பக்கத்துல இருக்கது அன்னைக்கு ஊர்லயே இல்லாதவரு கையெழுத்து. அழிஞ்சிட்டுன்னு ஒங்க வீட்டுக்காரவிய வந்து சொல்லப் பயந்ததும் என்னாலதான். நான் அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால ஏசிட்டேன்.”

அவர் தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டிப் பார்த்தார். டிக் இருந்த கட்டத்தில் விரல் நின்றது.

“அப்போ அவளுக்கு?”

“சரி பண்ணியாச்சு அண்ணாச்சி. விட்டுப்போனத இப்ப கொடுத்துக்கிட்டு இருக்கோம். அதுக்குத்தான் கூட சில நாள். நல்லாயிருவாங்கன்னு எல்லாருக்கும் எவ்வளவு சொல்ல முடியுமோ, அவ்வளவு ஒங்க வீட்டுக்காரவியளுக்கும் சொல்லலாம்.”

அவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நான் நின்றுகொண்டிருந்தேன். எழுந்ததும் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். கை நீட்டி அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். ஊரைக் கூட்டுவார், கேஸ் போடுவேன் என்பார், எது செய்தாலும் நியாயம்தான். ஏசினால் எனக்குக்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவர் எழுந்து, முகத்தைத் துடைத்து, தாளை மடக்காமல் பத்திரமாக என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாயிருப்பம்மா. இத நீயா வந்து சொல்லணும்னு என்ன இருக்கு?” என்றார். பிறகு கொட்டகைக்கு வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு நான் எழுதிக் குடுத்தது அப்படியே இருக்கட்டும். ஒன் வேலைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது. ஒனக்கும் பிள்ளைக இருக்கும்லா.”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய் நடந்தது முழுவதையும் எழுதி, என் கையெழுத்தைப் போட்டு, தர மேலாளரின் மேஜையில் வைத்தேன். விளக்கக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன். அந்த அம்மாள் இப்போதும் செக்கப்புக்கு வருகிறாள். புற்று திரும்பவில்லை, வயிற்றுப்போக்கு மட்டும் விட்டு விட்டு வருகிறது என்கிறாள். அவளுடைய கோப்பை எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை முழுக்கப் புரட்டிப் பார்க்கிறேன். நான் எழுதிக் கொடுத்தது அதில் இல்லை. அந்த மனுஷன் எழுதிக் கொடுத்தது இருக்கிறது.